குடியேற்ற ஆட்டங்களில் கொன்றுண்ணிகளின் ஒழுகலாறு: கொங்குப் பட்டிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

நாலைந்து மனிதர்களைக் கணினித் திரையிலுள்ள ஒரு பாழ்நிலத்தில் இறக்கிவிட்டு, அவர்களைக் கொண்டு குடிசை கட்டி, பயிர் செய்து, ஆடுமாடு வளர்த்து, பஞ்சத்துக்கும் நோய்க்கும் கொள்ளையருக்கும் அவர்களைத் தப்பவைப்பதையே நோக்கமாகக் கொண்ட வீடியோ கேம் வகை இக்கட்டுரையில் ‘குடியேற்ற ஆட்டம்’ எனப்படும். அதில் பிற உயிரைக் கொன்று தின்னும் விலங்கு ‘கொன்றுண்ணி’ எனப்படும். அவ்விலங்கு எப்போது வரவேண்டும், யாரைப் பிடிக்கவேண்டும், எப்போது திரும்பிப் போகவேண்டும் என்பவற்றை வகுக்கும் விதித்தொகுதி அதன் ‘ஒழுகலாறு’ எனப்படும். பல்கலைக்கழகங்கள் இப்பொருளைக் கண்டுகொள்ளவில்லையாயினும், தறிப்பட்டறையில் ஷிப்ட் முடிந்து கொங்கு நாட்டுக் கருமத்தம்பட்டியின் நால்ரோட்டுப் பேக்கரிகளில் கூடும் இளைஞரிடையே இது சூடாக விவாதிக்கப்படுவதாலும், அவர்களுடைய தாத்தாமார் பலர் உண்மையான பட்டியில் உண்மையான ஆடுகளை அடைத்துக் காத்தவர்கள் என்பதாலும், இவ்வாய்வுக்கு இவ்வூரைவிடத் தகுந்த களம் வேறில்லை எனத் துணியலாம்.

மேலை மரபிலிருந்து தொடங்குவதே முறை. லூடியான் ஸ்டுடியோஸ் 2018இல் முழுப் பதிப்பாக வெளியிட்ட ‘ரிம்வேர்ல்டு’ ஆட்டத்தில், பசியெடுத்த கொன்றுண்ணி தன்னால் வீழ்த்த முடிந்த உடலளவுள்ள இரையைத் தேடிப் புறப்படுகிறது; அந்த இரை முயலாகவும் இருக்கலாம், குடியேறியவருள் ஒருவராகவும் இருக்கலாம்; மனிதரைக் குறிவைத்துவிட்டால் ஆடுபவருக்கு உடனே அறிவிப்பும் வந்துவிடுகிறது. மனிதரைக் கண்டால் பாய்வதைத் தவிர வேறு தொழிலறியாத ஓநாய்களே மலிந்த ஆட்ட உலகில், விலங்குக்குப் பசி என்றொரு காரணத்தைக் கொடுத்ததற்காக அதன் ஆக்கியோரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆயினும் அறிவிப்புக் கொடுத்துவிட்டு வரும் அந்த விலங்கு, துப்பாக்கிக்காரர் நால்வர் திரண்டபின் பெரும்பாலும் தோலாகவும் இறைச்சியாகவும் கிடங்குக்குப் போய்ச் சேர்வதால், அதை ஆபத்து என்று வகைப்படுத்துவதைவிட, வாசலுக்கே நடந்துவரும் ஞாயிற்றுக்கிழமைக் கறி என்று வகைப்படுத்துவதே பொருந்தும். 2006இல் வெளிவந்த ‘ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ்’ ஆட்டத்தின் தொடக்கப் பதிப்புகளிலோ, ஓயாமல் நீந்தி நீந்தியே உடல்வலு பெருக்கிக்கொண்ட கெண்டை மீன்கள் ஆற்றங்கரைக்கு வந்த குள்ளர்களைக் கொன்றன. மாசடைந்த நொய்யல் ஆற்றின் இன்றைய நீரில் எந்தக் கெண்டையும் அத்தனை நாள் நீந்தி வலுப்பெறும் வாய்ப்பில்லையாதலால், இக்கட்டுரை அம்மீனை இவ்விடத்திலேயே விட்டுவிடுகிறது.

இனி உண்மைச் சிறுத்தைக்கு வருவோம். தனித்து வேட்டையாடும் அவ்விலங்குக்குக் கால் ஒடிந்தால் இரை தேடித்தர யாருமில்லை. ஆகவே தன்னைக் காயப்படுத்தக்கூடிய எந்த இரையும் அதற்கு நட்டக் கணக்குத்தான். மகாராஷ்டிரத்தின் அகோலே பகுதியில், மனிதர் நெருங்கி வாழும் ஊர்களை ஒட்டிய கரும்புக்காடுகளில் திரியும் சிறுத்தைகளின் எச்சத்தை வித்யா ஆத்ரேயாவும் குழுவினரும் ஆராய்ந்தபோது, அவை உண்ட இரையின் எடையில் 39 விழுக்காடு நாயாகவே இருந்தது. கருமத்தம்பட்டிக்குக் கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க அவினாசியை அடுத்த பாப்பாங்குளத்தில், 2022 ஜனவரியில் சோளக்காட்டுக்குள் பதுங்கியிருந்த சிறுத்தை விவசாயிகளையும் தேடிவந்த வனப்பணியாளரையும் தாக்கியது உண்மையே. ஆனால் அது யாரையும் தின்ன முனையவில்லை, சில நாட்களில் திருப்பூரில் மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்டது. அதே மாதம் கோவை பி.கே.புதூரில் பாழடைந்த கிடங்கொன்றில் புகுந்த இன்னொரு சிறுத்தையோ, வாசலில் கூண்டு வைத்து இறைச்சியும் வைத்துக் காத்திருந்த அதிகாரிகளுக்கு முகங்கொடாமல் நாட்கணக்கில் உள்ளேயே கிடந்துவிட்டுப் பிறகே கூண்டேறியது. ஒரு விலங்கு எதுவும் செய்யாமல் படுத்திருக்கும் நாட்களைக் காட்டும் துணிவு எந்த ஆட்டத்துக்கும் இதுவரை வரவில்லை. எனினும் அந்நாட்களில்தான் களையெடுப்பு நின்றுபோகிறது, கூலி போகிறது, அந்தியில் வெளிக்குப் போகவும் இருவர் சேர்ந்து போகவேண்டியிருக்கிறது. எனவே கொன்றுண்ணியின் வலிமையை உயிர்ச்சேதத்தால் அளப்பது பிழை. நின்றுபோன வேலைநாட்களால் அளப்பதே சரி.

இக்கருத்துக்கு மாறாகப் புலிகுத்திக் கல்லைச் சான்று காட்டுவோர் உண்டு. மந்தையைக் காக்கப் புலியோடு பொருது மாண்டவனுக்கு எடுக்கப்படும் நடுகல்லாகிய இது கொங்கு நாட்டில் மிகுதி; அத்தகைய கற்கள் பலவற்றில் புலி பின்னங்காலில் நிமிர்ந்து நின்று மனிதனை நேருக்கு நேர் எதிர்ப்பதாகவே செதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் காவல்நாய் குரைத்த சத்தம் கேட்டுப் புலி சுற்றுவழியே போய்விட்ட இரவுகளுக்கு யாரும் கல்லெடுப்பதில்லை என்பதையும், அவ்விரவுகளே எண்ணிக்கையில் மிகுந்திருக்கவேண்டும் என்பதையும் எதிர்த்தரப்பினர் கருதவேண்டும்.

கொன்றுண்ணி ஒழுகலாற்றைக் கணினிக்கு வெகுகாலம் முன்பே விதியாக வகுத்தவர்கள் கோயில் மண்டபத் தரையில் கோடு கீறி ஆடுபுலி ஆட்டம் ஆடியவர்கள். 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். அடுத்த புள்ளி காலியாக இருந்தால் மட்டுமே புலி ஆட்டைத் தாண்டி வெட்டமுடியும். ஆடுகளால் புலியைக் கொல்லவே முடியாது, நகர வழியின்றிக் கட்டிவிடத்தான் முடியும். நேபாளத்தின் பாக்சாலில் 4 புலியும் 20 ஆடும் உண்டு. இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் அது சமனில் முடியும் என்று கணினியைக் கொண்டு நிறுவிய ஆய்வு 2009இல் வெளிவந்திருக்கிறது. இதிலிருந்து பெறத்தக்க விதி தெளிவானது: குடியேற்ற ஆட்டத்தில் ஆடுபவரின் ஆயுதம் துப்பாக்கியாக இருக்கலாகாது, இடைவெளி விடாத அடுக்குமுறையாக இருக்கவேண்டும். கிளுவை வேலியில் ஒரு முள் விலகியிருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் அறிவு புலிக்கு வேண்டும். படலின் கட்டு தளர்ந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் அறிவு ஆடுபவருக்கு வேண்டும்.

எஞ்சியிருப்பது நாய். காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்துக் கொறங்காடுகளில், அதாவது உயிர்வேலி சூழ்ந்த மேய்ச்சல் நிலங்களில், இரவில் புகும் தெருநாய்க்கூட்டம் ஒரே பட்டியில் ஆடுகளை வரிசையாகக் கடித்துப்போட்டுவிட்டு, பலவற்றைத் தொட்டும் பாராமல் போய்விடுகிறது. ஓடித் தப்பமுடியாமல் அடைபட்ட இரையைத் தேவைக்கு மேல் கொன்று குவிக்கும் இச்செயலை விலங்கியலார் ‘மிகைக்கொலை’ என்பர். ஹான்ஸ் குரூக் 1972இல் நரிகள் கடற்காகங்களைக் கொன்று குவித்ததை முன்வைத்து இதை விரிவாக எழுதினார். பசியை மட்டுமே விசையாகக் கொண்ட ரிம்வேர்ல்டு மரபு சறுக்கும் இடம் இதுவே. குடியேற்ற ஆட்டத்துக்குக் கொங்குப் பதிப்பொன்று ஆக்கினால், அதில் கொன்றுண்ணிகளுள் முதலிடம், காட்டிலிருந்து வாராததும் யாருக்கும் சொந்தமில்லாததும் பகலில் பேக்கரி வாசலில் பன்னுக்கு வாலாட்டுவதுமான இவ்விலங்குக்கே தரப்படவேண்டும். பகலில் அதைச் சுட ஆடுபவருக்கு மனம் வரக்கூடாது, இரவில் அது கண்ணில் படக்கூடாது.

சேதத்துக்குப் பிந்தைய நடைமுறையும் ஒழுகலாற்றின் பகுதியே. சிறுத்தை அடித்த ஆட்டுக்கு வனத்துறையிடம் இழப்பீடு கேட்க வழியுண்டு. நாய் கடித்த ஆட்டுக்கோ, இழப்பீடு கேட்டுச் செத்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி விவசாயிகள் மறியல் செய்யவேண்டியிருந்தது. ஆகவே ஆட்டத்தில் நாய் கொன்ற ஆட்டைச் சொடுக்கினால் ‘திங்கட்கிழமை மனு’ என்னும் ஒரே பொத்தான் தோன்றவேண்டும். அதை அழுத்தியதும் குடியேறியவருள் ஒருவர் கால்நடை மருத்துவரின் சான்றுடன் கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்து வரிசையில் போய் நிற்கவேண்டும். அவர் திரும்பும்வரை பட்டியில் காவலுக்கு ஆளிருக்கக் கூடாது.