மூவாயிரம் கையெழுத்து

அந்தக் காலத்துத் தமிழ்நாட்டில் விமர்சனம் என்பது உடம்போடு சம்பந்தப்பட்ட விஷயம். பாட்டில் பிழை கண்டால் பிள்ளைப்பாண்டியன் தலையில் குட்டுவான். வில்லிபுத்தூரார் துறட்டி மாட்டிக் காதை அறுப்பார். ஒட்டக்கூத்தர் தலையையே எடுத்துவிடுவார். இவர்களெல்லாம் போய்ச் சேர்ந்ததால்தான் போலிப் புலவர்கள் பெருத்துவிட்டார்கள் என்று படிக்காசுப் புலவர் பேரில் வழங்கும் தனிப்பாட்டு ஒன்று அங்கலாய்க்கிறது. காது இரண்டும் இருந்த இடத்தில் இருந்தால் அவர் நல்ல கவிஞர்.

இந்த ஊரில்தான் கம்பர் ராமாயணம் பாடினார்.

கதைப்படி, சோழ ராஜா கம்பரிடமும் ஒட்டக்கூத்தரிடமும் ஒரே வேலையைக் கொடுத்தான். கூத்தர் ஒழுங்காக உட்கார்ந்து எழுதிக்கொண்டே போனார். கம்பர் எழுத்தாணியைத் தொடவே இல்லை. ராஜா கேட்டதும் கூசாமல், “கடலில் அணை கட்டுகிற இடத்துக்கு வந்துவிட்டேன்” என்றார். பத்திரிகை ஆசிரியர் போனில் கூப்பிடும்போது “முடிஞ்சிடுச்சு சார், ஒருதரம் பார்த்துட்டு அனுப்பிடறேன்” என்று சொல்லும் நம் எல்லோருக்கும் குலகுரு இவரே. வித்தியாசம் என்னவென்றால், “எங்கே, சொல்லுங்கள்” என்று கேட்டபோது அவர் அங்கேயே நின்றபடி பாடிவிட்டார். கேட்ட கூத்தர் வீட்டுக்குப் போய்த் தன் ஓலைகளைக் கிழித்துப் போட ஆரம்பித்தார். கம்பர் ஓடிப்போய்த் தடுத்ததில் உத்தரகாண்டம் மட்டும் மிஞ்சியதாம்.

பாடியாயிற்று. இனி அரங்கேற்றம். இடம் திருவரங்கம். கம்பர் ஓலைக்கட்டோடு போய் நின்றார். வைணவப் பெரியவர்கள் ஓலையைப் பிரிக்கக்கூட இல்லை. “தில்லை மூவாயிரவரிடம் கையெழுத்து வாங்கி வாரும், பார்க்கலாம்.”

பெருமாள் கதைக்குச் சிவன் கோயில் தீட்சிதர்கள் சம்மதம். “ஏன் சாமி?” என்று கம்பர் கேட்கவில்லை. ஆகட்டும் என்று கிளம்பிவிட்டார்.

சிதம்பரத்தில் அதற்கு மேல். மூவாயிரம் பேரும் ஒன்றாகக் கூடினால்தான் கையெழுத்து என்றார்கள். பன்னிரண்டு வீட்டு அபார்ட்மென்ட்டில் தண்ணீர்த் தொட்டி கழுவ ஒரு ஞாயிற்றுக்கிழமையை முடிவு செய்ய முடியாத நமக்கு இதன் கனம் தெரியும். கம்பர் சத்திரத்தில் படுத்துத் தூங்கினார். கனவில் கோவிந்தராஜப் பெருமாள் வந்து, நாளை ஒரு தீட்சிதர் வீட்டுக் குழந்தை பாம்பு கடித்து இறக்கும், எல்லோரும் கூடுவார்கள், போய் நாகபாசப் படலத்தைப் பாடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாவு வீட்டுக்குக் கையெழுத்து வாங்கப் போன எழுத்தாளர் இலக்கிய உலகில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. பிணத்தைச் சுற்றி அழுதுகொண்டிருந்தவர்கள் நடுவே உட்கார்ந்து, இந்திரசித்தின் பாம்புக் கணையில் இலக்குவன் கட்டுண்டு கிடந்த கதையைப் பாடினார். கடித்த பாம்பே திரும்பி வந்து விஷத்தை உறிஞ்சிக்கொள்ள, குழந்தை எழுந்து உட்கார்ந்தது. “உயிரோட்டமுள்ள நடை” என்று மதிப்புரைகளில் எழுதுகிறார்களே, அதற்கு ஆதாரத்தோடு கிடைத்த ஒரே உதாரணம் இதுதான். மூவாயிரம் கையெழுத்தும் அன்றைக்கே விழுந்தன.

திருவரங்கத்தில் திருப்தி இல்லை. திருநறுங்கொண்டைச் சமணர்களிடம் வாங்கி வா என்றார்கள். ஆகட்டும். மாவண்டூர்க் கருமானிடம், தஞ்சாவூர் அஞ்சனாட்சி என்ற தாசியிடம், கடைசியில் சொந்தப் பிள்ளை அம்பிகாபதியிடம். இதில் பிள்ளையிடம் வாங்கியதுதான் பெரிய காரியம் என்று குடும்பத்தோடு இருந்து எழுதுகிறவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

ஒருவழியாகச் சபை கூடியது. தலைமை நாதமுனிகள். இங்கே சரித்திர ஆசிரியர்கள் தலையில் கைவைத்துக்கொள்வார்கள். ஒரு பழம்பாட்டு அரங்கேற்றத்தைச் சக ஆண்டு 807-க்கு, அதாவது கி.பி. 885 வாக்கில் கொண்டுபோகிறது. அது நாதமுனிகளுக்குப் பொருந்தும். ஆனால் ஒட்டக்கூத்தர் 12-ஆம் நூற்றாண்டு ஆள், ஆராய்ச்சியாளர்கள் பலர் கம்பரையும் அங்கேதான் வைக்கிறார்கள். இரண்டு கதையும் உண்மையென்றால் கம்பர் இருநூறு வருஷத்துக்கு மேல் கையெழுத்துக்கு அலைந்திருக்க வேண்டும். அலைய விட்டவர்களைப் பார்த்தால் அதுவும் நடக்கக்கூடியதுதான்.

சபையில் முதல் ஆட்சேபம்: சோறு போட்ட சடையப்ப வள்ளலை நூறு பாட்டுக்கு ஒருதரம் புகழ்ந்திருக்கிறீர், நரனைப் பாடலாமா? கம்பர் வாதாடவில்லை. ஆயிரத்துக்கு ஒருதரம் வைத்துக்கொள்கிறேன் என்றார். நூற்றில் ஒருவர் என்று நினைத்திருந்தேன், ஆயிரத்தில் ஒருவர் ஆக்கிவிட்டீர்கள் என்றும் சொன்னதாக ஒரு பாடம் உண்டு. அவர் விட்டுக்கொடுத்தது அவ்வளவுதான்.

அடுத்தது, வால்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலம் இங்கே எப்படி வந்தது? நியாயமான கேள்வி. பதிலுக்குக் கம்பர் அந்தப் படலத்தையே பாடினார். மேட்டழகிய சிங்கர் சந்நிதியிலிருந்து நரசிம்மர் கர்ஜித்துத் தலையாட்டிவிட்டார். விமர்சகர்கள் கப்சிப். தாயார் சந்நிதிக்கு எதிரே கம்பர் மண்டபம் இன்றும் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

அத்தோடு விட்டார்களா? பின்னால் வந்தவர்கள், கையெழுத்து ஏதும் வாங்காமல், தங்கள் சொந்தச் சரக்கை அவர் நூலுக்குள் செருகினார்கள். 20-ஆம் நூற்றாண்டில் ரசிகமணி டி.கே.சி., இவ்வளவு சுமாரான பாட்டைக் கம்பன் பாடியிருக்கவே மாட்டான் என்று கட்டுக்கட்டாகக் கழித்துக் கட்டினார். 1943-இல் அண்ணா, நூலையே கொளுத்தலாமா என்று சென்னையிலும் சேலத்திலும் மேடை போட்டு வாதாடினார். எதிரே ரா.பி. சேதுப்பிள்ளையும் சோமசுந்தர பாரதியும். போதாதென்று, கம்பனில் ஆபாசம் என்று தேடிப் பொறுக்கிக் ‘கம்பரசம்’ எழுதினார்.

கம்பர் வழக்கம்போல வாய் திறக்கவில்லை. 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டுக்காக மெரினாவில் சிலைகள் வைத்தார்கள், அவற்றில் ஒன்று கம்பருக்கு. அப்போது முதலமைச்சர் அண்ணா.