மரம் தின்னிக்கு மருந்து எம்மாத்திரம்?

கேள்வி: தண்ணீரில் கலந்த பூச்சிமருந்தைப் பூஞ்சை முறித்துவிடும் என்கிறார்களே, நிஜமா?

பதில்: நிஜம்தான். மழையில் ஊறிய பட்டமரத்தை விரலால் அழுத்தினால் வெள்ளை நாராகப் பிய்ந்து வருமே, அது வெண்ணழுகல் பூஞ்சையின் கைவரிசை. மரத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னினையே உடைக்கும் நொதிகளை அது வெளியே கசியவிடுகிறது. இரும்பைக் கடித்தவனுக்குக் கரும்பு எம்மாத்திரம்! 1985இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கொடுத்த டி.டி.டி., லிண்டேன் இரண்டிலும் ஒரு பகுதியைக் கார்பன் டை ஆக்சைடு வரை அது சிதைத்துக் காட்டியது.

இத்தகைய பூஞ்சைகள் கசியவிடும் லாக்கேஸ் என்ற நொதி வேலை செய்யத் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனே போதும். நொதியை அப்படியே தண்ணீரில் கொட்டினால் ஓட்டத்தோடு போய்விடும். அதனால் சிறு மணிகளில் பிணைத்து, குழாயில் நிரப்பித் தண்ணீரை விடுகிறார்கள்.

ஆனால் ஒரே நொதி எல்லா மருந்தையும் முறிக்காது. ஆக்சிஜனேற்றத்தில் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து, தன்னைவிடக் கொடிய ஆக்சான் என்ற பொருளாக மாறக்கூடும். வெளிவரும் தண்ணீரையும் சோதித்த பிறகே குடிக்கத் தர வேண்டும்.