மீதிப் பத்து சதவீதம்

"எதற்கென்று ஞாபகமில்லை. தூக்கிப் போட்டுவிடாதே."

ஒரு பழுப்புக் காகிதப் பையின்மேல் தடித்த மார்க்கரால் இப்படி எழுதி, கீழே அடிக்கோடும் போட்டு வைத்திருக்கிறார், விமானத்தைப் பாதியில் விட்டு எனக்கு விற்ற அந்தப் புண்ணியவான். உள்ளே இரண்டு போல்ட், ஒரு வாஷர். நேற்று ராத்திரி பெட்டியைக் குடைந்தபோது கைக்கு வந்தது. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

உங்கள் வீட்டிலும் இந்தப் பை இருக்கிறது. மறுக்க வேண்டாம். ஆனால் உங்கள் பையில் கிடப்பது கட்டிலுடையதோ மிக்ஸியுடையதோ. 8,000 அடி உயரத்தில் மிக்ஸியில் ஏறிப் போகிறவர் யாருமில்லை.

போல்ட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். தலையில் சிலுவைக் குறி. அப்படியென்றால் ஹார்டுவேர் கடைச் சரக்கல்ல, விமானத்துக்கென்றே செய்த ஏ.என். போல்ட். தலையோரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு, பாதி மட்டும். அளந்து முறுக்கியாயிற்று, இனி யாரும் கை வைக்காதே என்று போடுகிற கோடு அது. மீதிப் பாதி இந்த விமானத்தில் எங்கேயோ இருக்க வேண்டும். ஆக, இவை இரண்டும் ஒரு காலத்தில் எதையோ இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன. எதை?

நான் எழுத உட்கார்ந்தது கனோபியை, அதாவது விமானியின் தலைக்கு மேலே மூடுகிற கண்ணாடிக் கூரையைப் பற்றி. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் பூர்வகதை.

நான் இருப்பது மிச்சிகனில். அமெரிக்காவில் கார் ஷெட்டிலேயே விமானம் கட்டலாம். பாதிக்கு மேற்பட்ட வேலையைக் கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்காகவோ செய்தார்கள் என்று காட்டினால் போதும். ஆய்வு முடிந்ததும் விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்.ஏ.ஏ. 'எக்ஸ்பெரிமென்டல்' என்று பறக்க விட்டுவிடும். எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்திருக்க வேண்டும் என்றில்லை. இந்த ஒரு சலுகையை நம்பித்தான் என்னைப் போன்றவர்கள் அடுத்தவர் பாதியில் விட்டதைக் காசு கொடுத்து வாங்குகிறோம். என்னுடையது ஆர்.வி.6. ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன் 1973-இல் ஆரிகனில் ஆரம்பித்த வான்ஸ் நிறுவனத்தின் கிட். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். பழைய கிட், அதனால் பல தகடுகளுக்கு ஓட்டைகூடப் போட்டு வரவில்லை. நாமே அளந்து, துளைத்து, பிசிறெடுத்து, ஆயிரக்கணக்கான ரிவெட்டுகளை ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும்.

விளம்பரத்தில், 90 சதவீதம் முடிந்தது என்று போட்டிருந்தார்கள்.

இந்த விளம்பரங்களைக் கொஞ்ச காலம் படித்தால் கணக்கு பிடிபட்டுவிடும். 30 என்றால் வால் முடிந்திருக்கிறது. எல்லோரும் வாலில்தான் ஆரம்பிப்பார்கள். பெட்டி சின்னது, விலையும் குறைச்சல், சத்தமில்லாமல் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம். 50 என்றால் இறக்கைப் பெட்டி வந்து இறங்கியிருக்கிறது, பிரித்தாரா என்பது வேறு விஷயம். 70 என்றால் சக்கரத்தில் நிற்கிறது, வருகிற போகிற குழந்தைகளை உள்ளே உட்கார வைத்து 'டுர்ர்' சொல்ல வைக்கலாம். 80 என்றால் அந்தக் குழந்தைகள் காலேஜுக்குப் போய்விட்டார்கள். 85 என்றால் சீட்டுக்குத் தோலா துணியா என்று யோசனை ஓடுகிறது. 90-க்கு வந்தவர் அங்கேயே குடியேறிவிடுவார். 92 என்றால் ரேடியோ வாங்கி, அது பெட்டிக்குள்ளேயே பழசாகிவிட்டது. 95 என்றால் பெயின்ட் நிறம் முடிவாகிவிட்டது, எஞ்சின் முடிவாகவில்லை. 97 என்றால் டாக்டர் ஏதோ சொல்லியிருக்கிறார். 98 என்றால் வீட்டை விற்கிறார்கள். 99 என்றால் விளம்பரம் கொடுத்திருப்பது மகன். எது வால், எது இறக்கை என்று அவனைக் கேட்டுப் பயனில்லை. 100-ஐ நான் பார்த்ததே இல்லை. முழுசாக முடித்தவர் சதவீதம் எதற்குப் போடுகிறார், பறந்த மணிக்கணக்கைப் போடுவார்.

சரி, மீதிப் பத்தில் என்னதான் இருக்கிறது? எஞ்சின் இருக்கிறது. புரொப்பெல்லர் இருக்கிறது. வயரிங், மீட்டர்கள், பிரேக், மூக்குப் பகுதியில் முடிவில்லாத ஃபைபர்கிளாஸ் தேய்ப்பு, பெயின்ட், காகித வேலை எல்லாம் இருக்கிறது. கட்டுகிறவர்கள் நடுவே ஒரு பேச்சு உண்டு: 90 சதவீதம் முடிந்துவிட்டது, இன்னும் 90 பாக்கி. வாங்குவதற்கு முன்னால் இதை ஜோக் என்று நினைத்துச் சிரித்தேன். ஊரில் மொட்டைமாடித் தூண்களில் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிற வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். இதோ மாடி எடுக்கப் போகிறோம் என்று விட்ட கம்பியில் இப்போது கொடி கட்டித் துணி காய்கிறது. என் விமானத்தின் கன்ட்ரோல் ஸ்டிக்கில் போன வாரம் யாரோ குடையை மாட்டியிருந்தார்கள்.

தமிழ்ச் சங்கத்துத் தம்பி ஒருவர் சனிக்கிழமை தவறாமல் வருவார். காபி குடிப்பார், உள்ளே ஏறி உட்கார்ந்து போட்டோ எடுப்பார், இறங்குவார்.

"அண்ணே, எப்பண்ணே பறக்கும்?"

"இன்னும் கொஞ்சம்தான் தம்பி."

"போன பொங்கலுக்கும் இதத்தானே சொன்னீங்க?"

அவர் வீட்டு பேஸ்மென்ட்டை முடிக்கிறேன் பேர்வழி என்று மரச்சட்டம் மட்டும் அடித்துவிட்டு விட்டிருக்கிறார். அந்தச் சட்டங்களுக்கு இடையில் புகுந்துதான் அவர்கள் வீட்டு கொலுவையே பார்த்தோம். நான் ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா? பொறுக்க முடியாமல் இந்த வாரம் கேட்டேன். "அது பறக்க வேணாமேண்ணே" என்றார். காபியை நிறுத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முந்தைய ஆளை வாயார வையவும் முடியவில்லை, அதுதான் கஷ்டம். மனுஷர் வேலைக்காரர். ரிவெட்டின் நசுங்கிய தலை, தண்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலமும் பாதி உயரமும் இருக்க வேண்டும். இடது இறக்கையில் எங்கே அளந்தாலும் பதம் தப்பவில்லை. வலது இறக்கையில் நடுப்பாதிக்கு மேல் தலைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. வெளிப்பக்கத் தகட்டில் பிறை பிறையாக வடு. வெளியே ஒருவர் ரிவெட் கன் பிடிக்க, உள்ளே ஒருவர் இரும்புக் கட்டியைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அந்த இரண்டாவது ஆள் அந்த இடத்தில் வராமல் நின்றுவிட்டார். சண்டையோ, கல்யாணமோ, வேலை மாறிப் போனாரோ. இவர் ஒற்றை ஆளாக, ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயுமாக அடித்துப் பார்த்திருக்கிறார். இப்போது எந்த ரிவெட்டை விட்டுவைப்பது, எதைத் துளைத்து எடுப்பது என்பது என் தலைவலி. சரியாக எடுக்காவிட்டால் ஓட்டை அகன்று, சுமாராக இருந்தது மோசமாகிவிடும்.

இது வெறும் புலம்பல் இல்லை. 1997 அக்டோபரில் பாடகர் ஜான் டென்வர் கலிஃபோர்னியாக் கடலோரம் விழுந்து இறந்தாரே, அவர் ஓட்டியதும் வேறொருவர் வீட்டில் கட்டிய விமானம்தான், ஒரு லாங்-ஈஸி. வரைபடத்தில் எரிபொருள் மாற்றும் வால்வு இருக்க வேண்டிய இடம் வேறு. கட்டியவர் அதைக் கொண்டுபோய் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். அவருக்கு அதற்கு ஒரு காரணம் இருந்தது. எல்லோருக்கும் ஒரு காரணம் இருக்கும். என் விமானத்திலும் வரைபடத்தில் இல்லாத ஓட்டைகள் இருக்கின்றன, நேர்த்தியாகப் பிசிறெடுத்து பிரைமர் அடித்த ஓட்டைகள். என்ன காரணம் என்று முந்தைய ஆள் ஒரு வரி எழுதி வைத்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

எழுதாமலும் இல்லை. வேலைக் குறிப்பு நோட்டு ஒன்று கொடுத்திருக்கிறார். ஆய்வுக்கு வருகிறவரிடம் யார், எப்போது, என்ன செய்தார் என்று காட்டப் போகிற ஆவணம் அது. பிரித்தால் பக்கத்துக்குப் பக்கம் இப்படி: "இறக்கை வேலை. வெயில்." "இறக்கை வேலை. வெயில் அதிகம்." பிரைமரைப் பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம், அதிலும் பாதி அடுத்தவர்கள் அடிக்கிற பிரைமரைத் திட்டி.

கனோபிக்கு வருகிறேன். அது ஒரே குமிழாக வருகிற அக்ரிலிக். குளிரில் வெட்டினால் விரிசல் ஓடிவிடும், மாற்று வாங்கப் பர்ஸ் தாங்காது. அதனால் கோடையில், ஷெட் நன்றாகச் சூடேறியிருக்கும்போதுதான் கை வைக்க வேண்டும். இங்கே அக்டோபர் வந்துவிட்டது. ஆகவே அந்த விஷயம் அடுத்த கோடைக்கு.

இதற்கிடையில், "என்னங்க, பனி விழுறதுக்குள்ள என் காரு உள்ள வருமா வராதா?" என்று வீட்டில் கேள்வி. டேப் பிடித்து அளந்துவிட்டேன். இறக்கை இரண்டையும் சுவரோரம் நிமிர்த்தி நிறுத்தினால் ஒரு கார் நுழையும், பக்கக் கண்ணாடிகளை மடித்துக்கொண்டால். வலது பக்கக் கதவுகள்தான் திறக்காது. ஓட்டுகிறவர் இறங்கலாம், மற்றவர்கள் வெளியிலேயே பனியில் இறங்கிக்கொள்ள வேண்டும். இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.