மறைப்பதில் வல்லவருக்கு, மறைத்துப் பழகியவன் எழுதுவது

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தாலுகா ஆபீஸ் எழுத்தர், மலையடிவாரம், திருத்தணி.

பெறுநர்: இன்ஃபோடெயின்மென்ட் மென்பொருள் பிரிவின் தலைவர், நான் கார் வாங்கிய கம்பெனி (பெயர் தங்களுக்கே தெரியும்).

பொருள்: காரின் திரைக்குள் ரகசிய அறை கட்டி, வீட்டுக்காரனுக்குச் சாவி தராமை – பாராட்டு தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா,

கோப்பைக் காணாமல் ஆக்குவது ஒரு கலை. பீரோவுக்குப் பின்னால் தள்ளிவிடுவது கற்றுக்குட்டியின் வேலை. மேசைமேலேயே வைத்துக்கொண்டு, அதன்மேல் முழங்கையையும் ஊன்றிக்கொண்டு, "அது செக்‌ஷன் மாறிப் போயிடுச்சே" என்று முகம் மாறாமல் சொல்பவன்தான் தேர்ந்தவன். முப்பத்தோரு வருடம் அப்படி முழங்கை ஊன்றியவன் நான். இந்தத் துறையில் எனக்கு மேல் ஓர் ஆள் உண்டு என்பது தங்கள் காரை வாங்கிய பிறகுதான் தெரிந்தது.

நடந்தது இது. ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்த மறுவாரம் மலைமேல் காரைப் பின்னால் எடுக்கிறேன், ரிவர்ஸ் கேமரா திரை கறுத்துக் கிடக்கிறது. எங்கள் முருகன் கோயிலில் சுவாமிக்கு முன்னால் யானை வாகனம் உண்டு. இந்திரன் சீதனமாகத் தந்த ஐராவதம். அவன் ஊர்த் திசை என்று சுவாமிக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே பார்த்து நிற்கிறது என்பார்கள். அந்த யானைக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று அதற்குத் தெரியும். எனக்குப் பின்னால் நிற்பது கல்தூணா காவடியா என்று எனக்குத் தெரியவில்லை.

தங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்குப் போனேன். காபி கொடுத்தார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து அட்வைசர் தம்பி வந்து, "செட்டு போயிடுச்சு சார், முழுசா மாத்தணும், நாப்பத்தெட்டாயிரம் ஆகும்" என்றார். வாரண்டி இருக்கிறதே என்றேன். "எலி கடிச்ச மாதிரி இருக்கு சார், அதனால வாரண்டி வராது." எலி கடித்தது ஒயரையா, செட்டையா என்று கேட்டேன். உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. எலிமேல் பழி போடுவதையும் கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள். எங்கள் ஊரில் அது சுவாமியின் அண்ணன் வண்டி.

சினம் தணிந்த தலத்துக்காரன் என்பதால் சத்தம் போடாமல் வீடு திரும்பினேன். வழியில் நகரி ரோட்டு மெக்கானிக்கிடம் காட்டினேன். பாதி தமிழும் பாதி தெலுங்குமாகப் பேசுபவர். "ஏம் காலேது சார், செட்டையே கேட்டுருவோம்" என்றார். அவர் கேட்ட விதத்தை விவரமாக எழுதுகிறேன், மேலிடத்துக்குப் பயன்படும். ரேடியோ பக்கத்தைத் திறந்தார். வால்யூம் குமிழை அழுத்திப் பிடித்தார். இன்னொரு கையால் திரையின் மூலைகளை, விபூதி இடுவதுபோல, வரிசையாகத் தொட்டார். நான்கு இலக்க எண் ஒன்றைப் போட்டார். மூன்று வருடமாக எனக்குப் பாட்டும் வழியும் மட்டுமே காட்டிய திரை, அதுவரை நான் பார்க்காத முகத்தைக் காட்டியது.

பேட்டரி எத்தனை வோல்ட், வானத்தில் எத்தனை செயற்கைக்கோள் கிடைக்கிறது, எந்த ஸ்பீக்கருக்கு உயிர் இருக்கிறது, மென்பொருள் எந்தப் பதிப்பு, எல்லாம் இருந்தது. ரிவர்ஸ் கியர் போட்டார்: கியர் சிக்னல் 0 என்று இருந்தது 1 என்று மாறியது. கேமரா சிக்னல்: இல்லை. "பாத்தீங்களா, கியர் போட்டது செட்டுக்குத் தெரியுது. படம்தான் வரல. செட்டு நல்லா இருக்கு" என்றார். டிக்கிக் கதவு கீலருகே ரப்பர் குழாய்க்குள் ஒயர் திறந்து மூடி, திறந்து மூடி, இற்றுப் போயிருந்தது. ஒட்டுப்போட்டு டேப் சுற்ற இருபது நிமிடம். கூலி முந்நூறு.

ஆக, காருக்குத் தன் நோய் தெரிந்திருக்கிறது. கேட்டால் சொல்லவும் தயாராக இருந்திருக்கிறது. கேட்கும் வழியைத்தான் தாங்கள் எனக்குச் சொல்லவில்லை. கையேடு முந்நூற்றுச் சொச்சம் பக்கம். குழந்தையைப் பேனட் மேல் உட்கார வைக்காதீர்கள் என்றெல்லாம் இருக்கிறது, இது இல்லை. எங்கள் முருகன் பிரணவப் பொருளை அப்பன் கேட்டதும் காதில் ஓதினான். பொருள் தெரியாமல் விழித்த பிரம்மனைச் சிறையில் போட்டான். தங்கள் பிரம்மனுக்கு அந்த மாத ஊக்கத்தொகை கிடைத்திருக்கும்.

சட்டம் இந்தப் பக்கம் வரவில்லை என்று நினைக்க வேண்டாம். புகைக்காக வந்திருக்கிறது. அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதிய கார்களிலும் ஸ்டீயரிங் பக்கம் 16 ஊசித் துளை உள்ள ஓபிடி சாக்கெட் கட்டாயம். நம் நாட்டிலும் பின்னால் வந்தது. சில நூறு ரூபாய் புளூடூத் கருவியைச் சொருகினால் எஞ்சின் தன் குற்றத்தை எண் போட்டு ஒப்புக்கொள்ளும். பி0420 என்றால் புகை வடிகட்டும் கேட்டலிஸ்ட் சோம்பிவிட்டது என்று அர்த்தம். சட்டம் கேட்ட அறைக்குக் கதவு வைத்தீர்கள். கேட்காத அறைக்குச் சுவர் வைத்தீர்கள்.

கதவைத் தட்டியவர்களும் உண்டு. 2011இல் ஒரு வாடிக்கையாளர் இந்தியப் போட்டி ஆணையத்திடம் மூன்று கார் கம்பெனிகள்மேல் புகார் கொடுத்தார். உதிரிபாகமும் பழுதறியும் கருவியும் வெளி மெக்கானிக்குக்குக் கிடைப்பதில்லை என்பது விஷயம். விசாரணை விரிந்து, 2014 ஆகஸ்டில் 14 கம்பெனிகளுக்கு மொத்தம் ரூ. 2,544 கோடி அபராதம் வந்தது. வெளியாளிடம் காட்டியதற்காகவே வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றும் ஆணையம் சொன்னது. 2022 ஜூலையில் நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று குழு போட்டது. அதன் பட்டியலிலும் வாகனம் இருக்கிறது. குழு போடுவதன் பொருள் எனக்குத் தெரியும், நானும் அரசு ஊழியனாக இருந்தவன்.

தங்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த அறையில் தொடக்கூடாதவையும் இருக்கின்றன. நாட்டுக் குறியீட்டையோ கார் மாடலையோ தப்பாக மாற்றிவிட்டால் செட்டு வெறும் பலகை. ஆனால் அதற்கு வழி எங்கள் ஆபீசிலேயே இருக்கிறது. 2005இல் தகவல் உரிமைச் சட்டம் வந்தபோது, உலகம் முடிந்தது என்று நாங்களும் புலம்பினோம். முடியவில்லை. பத்து ரூபாய் கட்டியவர் கோப்பைப் பார்க்கிறார், நகல் வாங்குகிறார்; பட்டாவில் பெயரை மாற்றிக்கொண்டு போய்விடுவதில்லை. பார்ப்பது வேறு, திருத்துவது வேறு. படிப்பதும் பெரிய கஷ்டமில்லை: 1960 ஏப்ரல் வரை இந்த ஊர் ஆந்திராவின் சித்தூர் மாவட்டம். தெலுங்குப் பழைய ஆவணத்தைக்கூட ஆள் வைத்துப் படித்துக்கொள்கிறோம். தங்கள் திரையின் 0, 1 என்ன, அதைவிடக் கடினமா?

ஆகவே திருத்தும் பக்கத்தைப் பூட்டிக்கொண்டு, பார்க்கும் பக்கத்தைக் கையேட்டில் அச்சிடுமாறு கோருகிறேன். பத்து ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டியிருக்கிறேன். தங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று தெரியும், பழக்கதோஷம்.

இப்படிக்கு,
ஓய்விலும் ஓயாத ஒருவன்

பி.கு.: நேற்றிரவு பேரனுக்குக் காட்டுவதற்காக நானே குமிழைப் பிடித்து, மூலைகளைத் தொட்டு, உள்ளே போனேன். நிறச் சோதனை என்று ஒன்றை அழுத்தியிருக்கிறேன். அப்போதிலிருந்து திரை சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என்று மாறிக்கொண்டே இருக்கிறது. பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டியும் நிற்கவில்லை. மெக்கானிக் அண்ணன் திருப்பதி போயிருக்கிறார், வியாழக்கிழமைதான் வருவார். வெளியே வரும் வழியை மட்டுமாவது, மறு தபாலில்.