நாலு நாள் சாமியார்

செஞ்சி வட்டாரத்தில், மண்டகப்பட்டைச் சுற்றியுள்ள கொல்லைவீடுகளில் ஒரு வகை ஆண்கள் உண்டு. வருஷம் பூராவும் சம்சாரி. மனைவி கோயில் பஸ்ஸில் ஏறிவிட்டால் சாமியார். காவி கட்டுவதில்லை, ஆனால் பேச்செல்லாம் ஏகாந்தம். 60 முதல் 70 வயதுள்ளவர்களைச் செலவில்லாமல் அறுபடை வீட்டுக்கு அழைத்துப் போக இந்து சமய அறநிலையத் துறை 2024இல் ஏற்பாடு செய்ததிலிருந்து இவர்கள் பெருகிவிட்டார்கள். போகிறவருக்குப் புண்ணியம், இருக்கிறவருக்கு நிம்மதி என்று அரசே இரட்டைத் திட்டம் போட்டிருப்பதாக இவர்கள் மனதார நம்புகிறார்கள்.

"நிதானமா வா. இங்க எனக்கு ஒண்ணும் தேவையில்ல" என்று சொல்லி நம் ஆள் மனைவியை வழியனுப்புவார். தேவையில்லை என்பதற்கு ஊரிலேயே கல்லில் வெட்டிய சான்று இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் இங்கே பாறையைக் குடைந்து ஒரு கோயில் எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, ஈசன், விஷ்ணு மூவருக்கும் விசித்திரசித்தன் எடுத்த இலக்ஷிதாயதனம் என்னும் கோயில் இது என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு பெருமை பேசுகிறது. விசித்திரசித்தன் என்பது அரசனின் பட்டப்பெயர். நம் ஆளுக்கும் பொருந்தும்.

"அவன் நாலு சாமான் இல்லாம கோயிலே கட்டிட்டான். நான் ஒருத்தி இல்லாம நாலு நாள் இருக்க மாட்டேனா?" என்பார். தெம்பு போதவில்லை என்றால் பேச்சு செஞ்சிக் கோட்டைக்குத் தாவும். "1690லேர்ந்து எட்டு வருஷம் மொகலாயப் படை சுத்தி நின்னுச்சு. உள்ள மராட்டிய ராஜா ராஜாராம் தாக்குப் பிடிக்கலையா?" ராஜாராம் தப்பிப் போனதும் 1698இல் கோட்டை விழுந்ததும் இவர் சொல்லும் வரலாற்றில் வராது.

ஏகாந்தத்தின் முதல் சோதனை விடியற்காலையில் கொட்டகையில் நிற்கிறது. பசு இவரை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கன்றை விட்டுப் பார்ப்பார், தவிடு காட்டுவார், கெஞ்சுவார். பால் சங்கத்துக்கு நேரமாகும். வேறு வழியில்லாமல் போன் போடுவார். மனைவி சுவாமிமலையில் படியேறிக்கொண்டிருப்பார். "ஸ்பீக்கர்ல போட்டு அது காதுகிட்ட புடிங்க" என்பார். மகன் தகப்பன் காதில் உபதேசம் செய்த தலத்திலிருந்து மண்டகப்பட்டுப் பசுவின் காதுக்கு உபதேசம் வரும்: "லட்சுமி, நின்னு குடும்மா." லட்சுமி நின்று கொடுக்கும். பால் சங்கத்தில் இவர் இதைச் சொல்ல மாட்டார். "மாடு எனக்கு நல்லா அடங்குது" என்பார்.

அடுத்தது மணிலாக் கொல்லை. விதை போட்ட நிலத்தில் மயில் இறங்கும். மனைவி முருகனைத் தேடி ஆறு ஊர் போயிருக்கிறார். முருகனின் வாகனமோ கூட்டமாக இங்கே வந்து விதையைக் கிளறிக்கொண்டிருக்கிறது. தகரத்தைத் தட்டித் தட்டி விரட்டியதில் முதல் நாள் ஏகாந்தம் முடிந்துவிடும்.

இரண்டாம் நாள் மத்தியானம் அமைதி உண்மையிலேயே வரும். வந்ததும் இவருக்குப் பிடிக்காமல் போகும். "காத்தாட" என்று சொல்லிக்கொண்டு ரோட்டோரம் போய் உட்காருவார். குகைக் கோயிலுக்கு வழி கேட்டு யாராவது கார் நிறுத்தினால் போதும், முன்சீட்டில் ஏறிக்கொள்வார். இருபுறமும் நிற்கும் வாயிற்காவலர்களைக் காட்டுவார். சிலையில்லாமல் கிடக்கும் மூன்று கருவறைகளையும் காட்டுவார். "உள்ள யாருமே இல்ல, பாத்தீங்களா? எவ்ளோ நிம்மதி!" என்பார். காலி வீட்டுக்கு விறைப்பாகக் காவல் நிற்கும் அந்த இருவரும் தன் இனம் என்பது அவருக்குத் தோன்றாது.

அன்று ராத்திரிதான் பெரிய சோதனை. கயிற்றுக் கட்டிலில் கண் அசரும் நேரத்தில் மோட்டார் தானாக ஓடத் தொடங்கும். மோட்டார் கொட்டகை பூட்டியிருக்கிறது, சாவி இவர் இடுப்பில். பேயா, திருடனா? திருடன் ஏன் நம் கழனிக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும்? டார்ச்சோடு நடுங்கி நிற்கும்போது போன் அடிக்கும். பின்னால் கடல் இரைச்சல். திருச்செந்தூர்.

"நாந்தான் போட்டேன். த்ரீ பேஸ் வந்துட்டதா மெசேஜ் வந்துச்சு. நீங்க தூங்கிட்டு இருப்பீங்கன்னு தெரியும். போய் மடையைத் திருப்புங்க."

செல்போனில் இயக்கும் ஸ்டார்ட்டரை மகன் பொருத்தியபோது அதில் அம்மாவின் நம்பரைப் போட்டிருந்தான். சூரனை வென்ற ஊரிலிருந்து ஒரு மிஸ்டு காலில் இவரையும் வென்றாயிற்று.

மறுநாள் பக்கத்துக் கொல்லை ஆயா குழம்புக் கிண்ணத்தோடு வருவார். அந்தக் கிண்ணமும் மனைவி புறப்படும் முன்பே சொல்லிவைத்த ஏற்பாடு. இவர் அவரிடமும் மகேந்திரவர்மனை அவிழ்ப்பார். ஆயா வெற்றிலையை மென்றபடி கேட்பார்: "செங்கல் இல்லாம கட்டினான், சரி. பாறை இல்லாமயா கட்டினான்?"

இவர் குழம்பு நன்றாக இருப்பதாகப் பேச்சை மாற்றுவார்.

மனைவி பழனி மலையேறும்போது, இங்கே துவைத்த வேட்டி தீர்ந்து, இவரும் கோவணத்தில் ஆண்டிக் கோலம். தேய்க்காத பாத்திரங்கள் தொட்டியைச் சுற்றி, செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி போல மூன்று குன்றாக நிற்கும். முருகன் சினம் தணிந்த திருத்தணியில் மனைவி தரிசனம் முடித்துவிட்டு வருவது அதனால் நல்லதாகிறது. வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் புடவையைச் செருகிக்கொண்டு தொட்டிப் பக்கம் போவார்.

சாமியார் டீக்கடைக்குப் போய்விடுவார். "மனுஷனுக்கு அப்பப்போ தனிமை வேணும்யா. இன்னா அமைதி, இன்னா அமைதி!" கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். அவர்களில் பாதிப் பேர் இதே தவம் செய்து தேறியவர்கள்.

சாயங்காலம் மனைவி ராமேசுவரம்–காசி பயணத்துக்கும் மனுப் போடலாமா என்று பேச்செடுப்பார். இவர் உடனே கண்ணாடியைத் தேடுவார். "ரெண்டு பாரமா வாங்கு. நானும் வரேன்."

"உங்களுக்குத்தான் தனிமை புடிக்குமே?"

"காசியில இன்னும் நல்ல தனிமையாம்."

"சரி, மாட்டை யாரு பாக்கறது?"

"ஆயாகிட்ட போனைக் குடுத்துட்டுப் போவோம். அதான் ஸ்பீக்கர் இருக்குல்ல?"