ஜேஎன்டிஐ மரத்தின் திணைப் பாகுபாடு: ஒரு மீள்வாசிப்பு

நிறுவனச் செயலிகளைத் தாங்கும் சர்வருக்குள் பெயர் மரம் ஒன்று உண்டு. தரவுத்தள இணைப்பு, செய்தி வரிசை, பீன் என்னும் நிரற்கூறு என யாவும் அதில் பெயர் பெற்றுத் தொங்கும். செயலி பெயரைச் சொல்லும். சர்வர் பொருளைக் கொடுக்கும். ஜாவா உலகம் இதை ஜேஎன்டிஐ என்கிறது. கேட்ட பெயர் இல்லையெனில் 'நேம் நாட் ஃபவுண்ட் எக்ஸப்ஷன்' எழும். மரத்தைப் பார்வையிடும் துறை பிறப்பது அந்தக் கணத்தில்தான்.

சர்வர்கள் தரும் கருவிகள் பற்றி விரிக்க ஏதுமில்லை. வெப்லாஜிக்கின் நிர்வாகத் திரையில் ஓர் இணைப்பு, கிளாஸ்ஃபிஷ்ஷில் ஒரு கட்டளை, பழைய ஜேபாஸில் ஜேஎன்டிஐவியூ, அதன் வழித்தோன்றலான வைல்டுஃப்ளையில் ஜேஎன்டிஐ-வியூ. (இடையில் முளைத்த சிறுகோடு தனிநூலுக்கு உரியது.)

இனி திணை, அதாவது மரத்தின் பெரும்பிரிவு. ஜாவா:காம்ப் பழையது. 2009இல் வந்த ஜாவா ஈஈ 6, குளோபல், ஆப், மாட்யூல் என மூன்றைச் சேர்த்தது. ஆக நான்கு. ஐந்து வராமல் திணை ஆகாது என்று அடம்பிடிப்போர் ஜாவா:ஜேபாஸைப் பாலையாக்கிக் கணக்கை நேர்செய்துவிட்டனர். பாலைக்குச் சொந்த நிலம் இல்லை, இதற்குப் பொதுத் தரநிலை இல்லை என்பது அவர்கள் காட்டும் சான்று.

காம்ப் என்பது அகம். அந்தந்தக் கூறுக்கு உள்ளிருந்து பார்த்தால்தான் தெரியும். மேலும் அங்கே இருப்பவை பெரும்பாலும் புனைபெயர்கள். உண்மைப் பெயர் எது என்பதைச் செயலியை நிறுவுபவர் வேறொரு கோப்பில் எழுதிவைப்பார். அகத்தில் தலைவன் பெயரைச் சுட்டலாகாது என்ற தொல்காப்பிய நெறியை ஜாவாக்காரர்கள் இவ்வளவு கண்டிப்பாகக் காப்பது வியப்பே. பழைய ஜேபாஸின் ஜேஎன்டிஐவியூ மட்டும் ஒவ்வொரு பீனின் அகத்துக்குள்ளும் எட்டிப் பார்த்து அச்சிட்டுவிடும். தோழிகூட அவ்வளவு சொன்னதில்லை.

புறம்: ஜாவா:ஜேபாஸ்/எக்ஸ்போர்ட்டட். வெளியூர்க்காரர்களுக்கு.

ஆய்வாளரை ஆட்கொள்வது 'எக்ஸாம்பிள்டிஎஸ்'. வைல்டுஃப்ளையோடு மாதிரிக்காக வரும் தரவு மூலம் இது. பின்னால் இருப்பது எச்2 என்ற சிறு தரவுத்தளம். தயாரித்தவர்கள் வைத்தார்கள், நிறுவியவர்கள் நீக்கவில்லை, அவ்வளவே. ஆனால் அகழும் குழிதோறும் அகப்படும் கறுப்பு-சிவப்புப் பானை ஓட்டைப் போல, மரத்துக்கு மரம் இது கிடைப்பதால், இதைக் கொண்டு ஒரு நாகரிகத்தையே எழுப்பியாயிற்று. நினைவகத்தில் மட்டும் வாழ்ந்து சர்வர் நின்றதும் அழிவதால் இது நிலையாமைத் தத்துவம் என்பது முதல் கொள்கை (காண்க: யாரோ, தேதியற்ற குறிப்பு). மக்கள் இதை வழிபட்டனர், அதனால்தான் எவரும் நீக்கத் துணியவில்லை என்பது இரண்டாவது (காண்க: மேற்படி யாரோ, முந்தைய கருத்தை மறந்த பின்). இரண்டும் தவறு என்பதை நிறுவி, இரண்டையும் வாசிக்காத ஒருவர் முனைவர் பட்டம் பெற்றுள்ளார் (காண்க: பட்டமளிப்பு விழா அழைப்பிதழ், பின்னட்டை, தேநீர்க் கறைக்குச் சற்றே இடப்புறம், ஒப்புநோக்குக: அதே கறை, இரண்டாம் பதிப்பு).

2021 டிசம்பரில் வெளியான லாக்4ஜே என்ற பதிவு நூலகத்தின் பாதுகாப்பு ஓட்டையில், பதிவேட்டில் எழுதப்பட்ட ஒரு வரியே ஜேஎன்டிஐயை அழைத்து, அந்நியர் சர்வரிலிருந்து நிரலை வரவழைத்து ஓட்டச் செய்தது. உலகமே உறக்கம் இழந்தது. திணையோடு தொடர்பற்றதால் இங்கு விடப்பட்டது.

காணாமற்போன பெயருக்கு வருவோம். அது மரத்தில்தான் இருந்தது. செயலி ஆங்கிலப் பெரிய எழுத்தில் கேட்டது. மரத்தில் சிறிய எழுத்து. சர்வருக்கு இரண்டும் வேறு. ஆய்வுலகம் இதைப் பாடபேதமாகக் கொண்டு, எது மூலபாடம், எது ஏடெழுதியவர் பிழை என்று இரண்டாகப் பிரிந்தது. கருத்தரங்குக்கு நாள் குறித்த நேரத்தில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருவர் கோப்பைத் திறந்து அந்த ஓர் எழுத்தை மாற்றிவிட்டார். செயலி ஓடுகிறது. மூலச் சான்றை அழித்ததற்காக அவர்மேல் கண்டனத் தீர்மானம் தயாராகிறது; 'கண்டன'த்துக்கு றன்னகரமா டண்ணகரமா என்று குழு ஆராய்ந்துகொண்டிருக்கிறது.