ஐம்பத்தைந்துக்காரர்

வயது நாற்பதுதான் இருக்கும். ஆனால் பேச்சு முழுக்க அதிபர் ஐசன்ஹோவர் ஆட்சிக் காலத்தில் நடக்கும். அமெரிக்கப் புறநகர் ஒன்றில், 1955-ல் கட்டிய தாழ்ந்த கூரை ‘ரேஞ்ச்’ வீட்டை வாங்கியிருப்பார். சாவியை வாங்கிய கையோடு ஒரு சபதமும் எடுத்திருப்பார்: 1955-க்குப் பிறகு பிறந்த எதுவும் இந்த வீட்டுக்குள் நுழையக் கூடாது. தாமே 1980-களில் பிறந்தவர் என்பதை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இப்படிப் பழைய வீட்டுப் பித்துப் பிடித்தவர்களின் கூட்டத்தில் பிரபுக்கள் உண்டு. கலிஃபோர்னியாவில் ஜோசப் ஐக்லர் கட்டிய பதினோராயிரம் வீடுகளில் ஒன்று கிடைத்தவர்கள் அவர்கள். கண்ணாடிச் சுவரும் நடுமுற்றமுமாக வாழ்கிறவர்கள். நம்மவர் வீட்டுக்கு அந்தப் பெருமை இல்லை. யாரோ ஒரு காண்ட்ராக்டர் ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு தெரு முழுக்கக் கட்டித் தள்ளியதில் ஒன்று. அதனால் பக்தி இன்னும் ஒரு படி கூடுதல்.

பக்தியின் கருவறை, குளியலறை. அது பிங்க்: தொட்டி பிங்க், டைல் பிங்க், டாய்லெட் பிங்க். 1953 பதவியேற்பு விழா விருந்துக்கு ஐசன்ஹோவரின் மனைவி மேமி, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கற்கள் பதித்த பிங்க் கவுன் அணிந்து வந்தார். வெள்ளை மாளிகையில் தம் குடும்பம் வசித்த பகுதியையும் அதே நிறத்தில் மூழ்கடித்தார். நாடே அந்த நிறத்தைப் பிடித்துக்கொண்டது. ‘மேமி பிங்க்’ என்றே பெயரும் வந்துவிட்டது. இந்த வரலாற்றை ஐம்பத்தைந்துக்காரர் குளியலறை வாசலில் நின்று சொல்வார். அவசரமாக உள்ளே போக வந்த விருந்தாளிக்கும் விதிவிலக்கு கிடையாது.

வாஷ்பேசினில் ஒரு விரிசல் விட்டால்தான் ஆள் யார் என்பது முழுதாகத் தெரியும். பிங்க் பேசின்தானே, வேறொன்று வாங்கலாமே என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. கோலர் கம்பெனி 1927-லேயே கலர் சாமான்களை விற்கத் தொடங்கிவிட்டது. அவர்களுடைய பிங்குக்குப் பெயர் ‘பீச்ப்ளோ’. அமெரிக்கன் ஸ்டாண்டர்டுக்கு ‘கோரலின்’. கிரேன் கம்பெனிக்கு வேறொன்று. ஒன்றுக்கொன்று ஒட்டாது. உடைந்த டைல் துண்டொன்றைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, ஜாதகம் ஏந்திய பெண் வீட்டார்போல ஊர் ஊராகப் பொருத்தம் பார்ப்பார். 2023-ல் கோலர் தன் 150-ஆம் ஆண்டு விழாவுக்காக பீச்ப்ளோவை மறுபடி கொண்டுவந்தது. சந்தோஷப்பட்டாரா? கேட்டால் முகம் சுருங்கும். “அது பீச்ப்ளோ இல்லை, பீச்ப்ளோ மாதிரி.”

டாய்லெட் விஷயத்தில் அவர் இன்னும் ஆழம். ஃப்ளஷ் டேங்க்கின் மூடியைத் தூக்கினால், அடிப்பக்கத்திலோ டேங்க்கின் உள்சுவரிலோ அது சூளையிலிருந்து வெளிவந்த தேதி பதிந்திருக்கும். நண்பர்கள் வீட்டுக்குப் போனாலும் மூடியைத் தூக்கிப் பார்க்காமல் திரும்புவதில்லை. 1994-லிருந்து அமெரிக்காவில் வீட்டுக்கென்று செய்யும் புது டாய்லெட் எதுவும் ஒரு ஃப்ளஷ்ஷுக்கு ஆறு லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது என்று சட்டம். நம்மவருடையது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் குடிக்கும். ஏற்கெனவே மாட்டியிருப்பதைச் சட்டம் சீண்டுவதில்லை என்பதால் நிம்மதியாக இருக்கிறார். கவலை மூடியைப் பற்றித்தான். டாய்லெட் சாகாது, மூடிதான் கைதவறி விழுந்து உடையும். அந்த மாடலுக்கு அந்த மூடிதான் உட்காரும். பழைய மூடிகளை மட்டுமே விற்றுப் பிழைக்கும் வியாபாரிகள் அங்கே உண்டு. அவர்கள் சொல்லும் விலையைக் கேட்டால் ஒரு முழு டாய்லெட்டே வாங்கிவிடலாமே என்று நமக்குத் தோன்றும், அவருக்குத் தோன்றாது. கட்டிலுக்கடியில் இரண்டு மூடிகளை முன்னெச்சரிக்கையாகச் சேர்த்து வைத்திருக்கிறார்.

கண்ணாடி அலமாரிக்குள் ஒரு மெல்லிய துளை இருக்கும். தேய்ந்த சவர பிளேடைப் போடுவதற்கு. போட்ட பிளேடு எங்கே போகும்? எங்கேயும் போகாது. சுவருக்குள் விழும், அங்கேயே கிடக்கும். அன்றைக்கு அமெரிக்கா யோசித்த லட்சணம் அது. சுவரை உடைத்த பிளம்பரின் காலடியில் துருப்பிடித்த பிளேடுகள் கொத்தாகச் சரிந்தபோது பிளம்பர் பின்வாங்கினார். நம்மவர் மண்டியிட்டு உட்கார்ந்து பிராண்டு பார்த்தார்.

சமையலறைச் சாமான்களில் குளிர்சாதனப் பெட்டி ஒரு தனிப் படலம். கைப்பிடியை இழுத்து ‘ளக்’கென்று திறக்கும் தாழ்ப்பாள் இருந்தால்தான் அது ஃப்ரிட்ஜ். தெருவில் தூக்கியெறிந்த பெட்டிகளுக்குள் ஒளிந்து விளையாடிய குழந்தைகள் வெளியே வர முடியாமல் இறந்துபோனதால் 1956-ல் சட்டம் வந்தது. 1958 அக்டோபர் இறுதிக்குப் பிறகு செய்யும் எந்தப் பெட்டியும் உள்ளிருந்து தள்ளினால் திறக்க வேண்டும் என்றது. காந்தப் பட்டை வைத்த கதவு பரவியது அதன் பிறகுதான். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தணியும். தம்முடைய பெட்டியைக் கராஜில் பூட்டி, சாவியை உயரத்தில் மாட்டியிருக்கிறார். உள்ளே பீர் மட்டும்தான். கனவு இன்னும் பெரிது: 1955-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் கொண்டுவந்த சுவர் ஃப்ரிட்ஜ். தரையில் நிற்காமல் அலமாரிபோல் சுவரில் தொங்கும் அது, மஞ்சள், டர்க்காய்ஸ், பிங்க் நிறங்களில் வந்தது. எங்கோ ஒன்று கிடைத்தாலும் அதைத் தாங்கும் சுவர் வேண்டும், பழுது பார்க்கும் மெக்கானிக் வேண்டும், உற்பத்தி நின்றுபோன பழைய ஃப்ரியான் வாயு வேண்டும். மூன்றும் ஒருசேர அமைந்ததாகத் தகவல் இல்லை.

மனைவி தடுக்க மாட்டாரா என்றால், அங்கேதான் சிக்கல். அவர் 1962 கட்சி. ஃப்ரிஜிடேர் கம்பெனி 1960 வாக்கில் விற்ற ‘ஃப்ளேர்’ அடுப்பு வேண்டும் என்கிறார்: ஓவன் கண் மட்டத்தில், கண்ணாடிக் கதவு மேல்நோக்கித் திறக்கும், அடுப்புகள் மேசை இழுப்பறைபோல் வெளியே வரும். ‘பிவிச்ட்’ தொலைக்காட்சித் தொடரில் சூனியக்காரி சமந்தா சமைத்தது அதில்தான். அன்றைக்கு ஃப்ரிஜிடேர், கார் செய்யும் ஜெனரல் மோட்டார்ஸின் கையில் இருந்தது. அடுப்பைப் பார்த்தாலே டாஷ்போர்டு ஞாபகம் வரும். “ஐந்து வருஷம் பிந்தியது” என்று நம்மவர் தகராறு செய்கிறார். கடைசியில் சமரசம்: சமையலறை 1955, ஹால் 1962. நடுவில் உள்ள நிலைப்படியை இருவரும் பேசாமல் கடக்கிறார்கள்.

தரைக்கு வருவோம். ஒன்பது அங்குலச் சதுர டைல் அசல். அசல் என்பதாலேயே அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். சும்மா கிடந்தால் பெரிய தொல்லையில்லை, பெயர்த்து உடைத்தால்தான் ஆபத்து. ஜன்னல் சட்டத்தில் ஈயப் பெயின்ட். வீடுகளுக்கு அதைத் தடை செய்தது 1978-ல்தான். ஆக, ‘காலத்துக்கு உண்மையாக’ என்ற அவருடைய தாரக மந்திரம் இந்த இரண்டு இடங்களில் மட்டும் இருமலில் மறைந்துவிடும்.

இன்னும் சில இடங்களிலும் மறையும். ரொட்டி டப்பாவைத் திறந்தால் உள்ளே வைஃபை பெட்டி மினுக்கிக்கொண்டிருக்கும். பழைய ரேடியோவிலிருந்து வரும் பாட்டு புளூடூத் வழியாக வருவது. பாத்திரம் கழுவும் எந்திரம் ஃபார்மைக்கா பலகைக்குப் பின்னால் தலைமறைவு. ஏ.சி.யைப் பற்றிக் கேட்டால் காது மந்தமாகும். ஆனால் ஹாலில் ஹனிவெல்லின் வட்டத் தெர்மோஸ்டாட்டை மட்டும் கூப்பிட்டுக் காட்டுவார். ஹென்றி ட்ரைஃபஸ் வடிவமைத்து 1953-ல் வந்தது. உள்ளே ஒரு சொட்டுப் பாதரசம் ஆடிக்கொண்டிருக்கும். நியாயமாகச் சொன்னால், அழகான பொருள்தான். இந்த ஒன்றில் அவரோடு சண்டை போட முடியாது.

அவர் யோசிக்காத ஒன்று உண்டு. 1955-ல் அந்த வீட்டுக்குக் குடிவந்தவருக்குப் பழசு என்றாலே ஆகாது. லெவிட்டவுன் என்ற புறநகரில் பதினேழாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டிய லெவிட், 1950 மாடலில் அட்மிரல் டி.வி.யைச் சுவருக்குள்ளேயே பதித்துக் கொடுத்தார்; துணி துவைக்கும் எந்திரமும் வீட்டோடு வந்தது. புதுசு, இன்னும் புதுசு என்பதுதான் அந்தக் காலத்தின் ஒரே கோஷம். காலத்துக்கு உண்மையாக இருப்பதென்றால் நம்மவர் நாளைக்கே கடைக்குப் போய் இருப்பதிலேயே பெரிய டி.வி.யை வாங்க வேண்டும்.

சனிக்கிழமை விடிகாலை அவரைப் பார்க்க வேண்டுமானால், வயதானவர்கள் வீட்டைக் காலி செய்யும்போது நடக்கும் சாமான் விற்பனைகளில் தேடலாம். வரிசையில் முதல் ஆள் அவர்தான். எல்லோரும் வெள்ளிக் கரண்டியைப் பார்க்க, அவர் டார்ச்சோடு நிலவறைக்கு இறங்குவார். அங்கும் ஒன்றும் சிக்காவிட்டால், ஹேபிடட் ஃபார் ஹ்யூமானிட்டி தொண்டு நிறுவனத்தின் ரீஸ்டோர் கடையில் கழற்றிப் போட்ட கதவுப் பிடிகளைக் கிளறிக்கொண்டிருப்பார்.

அப்படி ஒரு விற்பனையில், முதியோர் இல்லத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பாட்டியிடம் ஃப்ரிட்ஜைப் பற்றி விசாரித்தார்.

“சுவரில் மாட்டுவதா? எங்களிடம் இருந்ததே. மஞ்சள் நிறம்,” என்றார் பாட்டி.

ஐம்பத்தைந்துக்காரருக்கு மூச்சு நின்றது.

“எனக்குப் பிடிக்கவே இல்லை. ஸ்டூல் போட்டு ஏறித்தான் பால் எடுக்க வேண்டும். தானாக ஐஸ் கரையும் ஃப்ரிட்ஜ் வந்த வாரமே அதைக் கழற்றித் தூக்கியெறியச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியங்களில் ஒன்று.”

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“எந்தக் குப்பைமேட்டில்?”